கணக்கு டீச்சரின் ஓரவஞ்சனை

தையற்கடைக்காரிக்குத் தன் ஓரகத்தியிடம் பிடிக்காதவை நிறைய இருந்தன. சின்னவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழுவது பிடிக்காது. மாடியில் அவள் நடத்தும் அழகு நிலையத்துக்கு வருகிற பெண்கள், கீழே இருக்கும் தையல் இயந்திரத்தைத் தாண்டித்தான் படியேற வேண்டும். ஏறும்போது ஒரு முகமும் இறங்கும்போது வேறு முகமுமாக அவர்கள் போவது அறவே பிடிக்காது. கொழுந்தன் அவளைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுவதும் பிடிக்காது. தன் வீட்டுக்காரர் வாயிலிருந்து ‘ஏய், இங்க பாரு’ என்பதைத் தாண்டி ஒரு சொல் வந்ததில்லை.

இதையெல்லாம்கூட மூத்தவள் மன்னித்திருப்பாள். அவள் அப்படியொன்றும் பொல்லாதவள் இல்லை. மன்னிக்கவே முடியாதது ஒன்று இருந்தது. செத்துப்போன கணக்கு டீச்சர் சின்னவளுக்குத் தட்டினார். தனக்குத் தட்டவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கடைத்தெரு முடிகிற இடத்தில், செங்கல் சுவரும் உயரமான பச்சைக் கதவுகளுமாக நிற்கிறதே, அதுதான் பழைய பள்ளிக்கூடம். பிள்ளைகள் புதுக் கட்டடத்துக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அங்கே அந்தக் காலத்தில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். பாராட்டுவதில் மகா கஞ்சம். ‘சபாஷ்’, ‘நல்லது’ எதுவும் அவர் வாயில் வராது. சரியான விடை சொன்ன பிள்ளைக்கு, கையில் இருக்கும் மர ஸ்கேலால் மேசையில் இரண்டு தட்டு. டொக், டொக். அவ்வளவுதான். அந்த இரண்டு தட்டுக்காகப் பிள்ளைகள் தவம் கிடந்தார்களாம். ஒரு மத்தியானம், கரும்பலகையில் பாதிக் கணக்கு இருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகும் மாடியில் அவர் பாடம் நடத்திய கோடி வகுப்பறையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. எல்லாருக்கும் கேட்காது. யாரை டீச்சருக்குப் பிடித்திருக்கிறதோ அவர்களுக்கு மட்டும். இதைப் பேய் என்று சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள். பேய் பயமுறுத்தும், டீச்சர் மார்க் போடுகிறார். மருந்துக்கடை அம்மாவுக்குத் தட்டியிருக்கிறார். தபால்காரருக்குத் தட்டியிருக்கிறார். மாப்பிள்ளை பேசப் போகிற இடத்தில் ‘பையனுக்கு டீச்சர் தட்டியிருக்காங்க’ என்று மெதுவாக ஒரு வார்த்தை போட்டுவைக்கிற குடும்பங்கள் உண்டு. பையனுக்கு வேலை இல்லையென்றால் கொஞ்சம் சத்தமாகவே போடுவார்கள்.

டீச்சர் போன பிறகு மூத்தவள் அந்தக் கோடி அறையிலேயே எட்டாம் வகுப்பு முழுக்க உட்கார்ந்து படித்தவள். ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்சு. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் பாடம் எதுவும் உள்ளே போகவில்லை. வளர்ந்து, கல்யாணமாகி, கத்தரிக்கோல் பிடித்த பிறகும், ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒருமுறை பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் முழுக்க ஒப்பித்தும் பார்த்தாள். கூரையில் புறா அசைந்ததோடு சரி.

சின்னவளோ வேறெங்கோ பிறந்து, வேறெங்கோ படித்தவள். கணக்கில் எப்படி என்று கேட்டால் கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் மாமியார் அவளை ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது மாமியாரின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. “என் சின்ன மருமகளுக்குக் காலை உள்ள வச்ச உடனே தட்டிட்டாங்க.” கண்ணை மூடும்வரை மாமியார் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும் மூத்தவள் பக்கம் ஒரு பார்வை. அந்தப் பார்வையைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு நீளம்.

சின்னவள் பொய் சொல்கிறாள் என்று மூத்தவளால் நினைக்கவும் முடியவில்லை. நினைத்திருந்தால் வயிற்றெரிச்சல் பாதி அடங்கியிருக்கும். அவளுக்கு டீச்சர் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆகவே குற்றம் முழுவதும் டீச்சர் தலையில்தான் விழுந்தது. ‘என்னதான் செத்துப்போயிருந்தாலும் இவ்வளவு ஓரவஞ்சனை ஆகாது’ என்று பாபினில் நூல் சுற்றிக்கொண்டே முணுமுணுப்பாள். பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறாளோ என்று திகைப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பழைய மாணவர்கள் சங்கம் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்தது. விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிடப் போவதாகவும், சுற்றிக்காட்டிக் கதை சொல்ல ஊர்க்காரர் ஒருவர் வேண்டுமென்றும் செய்தி வந்தது. சாவிக்குப் பொறுப்பான ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரிடம் மூத்தவள் விடிந்ததும் விடியாததுமாய்ப் போய்த் தானே செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், மாஸ்டரின் மனைவி மாடியில் சின்னவளிடம் புருவம் திருத்திக்கொண்டிருந்தார்.

“அவளையும் கேட்டுக்கிட்டிருக்காங்க” என்று மூத்தவள் அன்று சாப்பாட்டின்போது சொன்னாள்.

“எவளை?” என்றார் வீட்டுக்காரர். மின்சார வேலைக்காரர். எங்கே கம்பி அறுந்தாலும் கண்டுபிடிப்பார், வீட்டுக்குள்ளே அறுந்தால் தெரியாது.

“உங்க தம்பி பொண்டாட்டியைத்தான். வேற எவளை?”

“நல்லதுதானே. அவளுக்குத்தான் தட்டியிருக்காங்களே.”

“நான் அங்க படிச்சவ.”

“படிச்சே. தட்டலையே.”

அவருக்கு அதற்குமேல் குழம்பு கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வேனில் வரப்போகிறது, இரண்டு பேரும் வந்து ஆளுக்குக் கொஞ்சம் பேசுங்கள், கேட்டு முடிவு செய்கிறேன் என்றார் மாஸ்டர். மூத்தவள் அந்த வாரம் முழுக்கத் தைத்ததைவிடப் பேசிப்பார்த்ததே அதிகம். கட்டடம் எப்போது எழும்பியது, மரப்படிகளுக்கு மரம் எங்கிருந்து வந்தது, மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு எப்படி வந்தது, எல்லாம் விரல் நுனியில். ஒரு சட்டைக்கு இடது பக்கமே இரண்டு கை வைத்துத் தைத்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் ஒத்திகை எதுவும் கேட்கவில்லை. அதுவே அவளை அரித்தது. ‘அவளுக்கென்ன, “எனக்குக் கேட்டுச்சு”ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் கட்டடத்தையே தூக்கி வச்சாலும் அந்த ஒரு வார்த்தைக்குக் காணாது.’

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுண்ணாம்பு வாசனையும் பழைய மர வாசனையும் கலந்த கீழ்த்தளத்தில் விருந்தினர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்டவர்களும், கழுத்தில் கேமரா தொங்கவிட்டவர்களும், காரணமே இல்லாமல் சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்களுமாக நல்ல கூட்டம். மாஸ்டர் அவர்களுக்கு மை வைக்கும் குழி உள்ள மேசைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை அம்மா, தனக்கு அழைப்பு இல்லாவிட்டாலும், முன்வரிசையில் இருந்தார்.

மூத்தவள் முன்கூட்டியே மாடிக்குப் போகலாம் என்று படியேறினாள். நடுவில் தேய்ந்து குழிந்த படிகள். திருப்பத்தில் சின்னவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பவுடருக்கு மேல் வியர்த்திருந்தது.

“அக்கா, நீங்களே பேசிடுங்க. என்னால முடியாது.”

“ஏன், தொண்டை சரியில்லையா?”

“அதில்ல.” சின்னவள் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்குக் கேக்கவே இல்லக்கா.”

“என்ன கேக்கல?”

“டீச்சர் தட்டினது. அன்னிக்கு அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சா, கேட்டுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கூட வந்தவங்க எல்லாரும் என் வாயையே பாத்துட்டிருந்தாங்க. புதுப் பொண்ணு, நான் என்ன செய்வேன்? தலையாட்டிட்டேன். அப்புறம் இறங்க வழி தெரியல.”

மூத்தவள் முதலில் நம்பவில்லை. பெருந்தன்மை காட்டுகிறாள் என்றுதான் நினைத்தாள். தட்டியதும் அவளுக்கே, தட்டவில்லை என்று சொல்லி அடக்கத்தில் முதல் பரிசும் அவளுக்கே வேண்டுமாம். ஆனால் சின்னவளின் கண்ணில் தண்ணீர் நின்றது. மையைக் கலைத்துக்கொண்டு யாரும் நடிக்க மாட்டார்கள், அதுவும் அழகு நிலையம் வைத்திருக்கிறவள்.

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். மூத்தவளுக்கு வந்ததோ கோபம். அடிவயிற்றிலிருந்து வந்தது.

“அப்போ இத்தனை வருஷம் நான் எதுக்குடி வயிறெரிஞ்சேன்?”

“அக்கா?”

“உனக்குக் கேட்டுச்சுன்னு ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன். அந்த அறையில தனியா உக்காந்து வாய்ப்பாடு சொன்னேன். நம்ம மாமனார் திவசத்தன்னிக்குக்கூட அதே நெனப்பு. எல்லாம் சும்மாவா? ஒருத்தி பொறாமைப்படுறதுக்கு ஒரு காரணமாவது வேணாமா?”

“மன்னிச்சுக்குங்கக்கா. நான் இப்பவே மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்.”

“வாயைத் திறந்தே பாரு. நம்ம வீட்டைப் பத்தி ஊர் என்ன பேசும்? அத்தையைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா? உனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னே சொல்லிட்டு வா.”

வீட்டு மானம் பாதிதான். மீதிப் பாதியை அவள் தனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை. சின்னவளுக்கும் தட்டவில்லை என்றால், யாருக்குத்தான் தட்டினார்? மருந்துக்கடை அம்மாவுக்கு மட்டும் தட்டியிருப்பாரா? அந்த நூலைப் பிடித்து இழுத்தால் முழுச் சட்டையும் பிரிந்துவிடும் என்று தையல்காரிக்குத் தெரியாதா?

கூட்டம் படியேறி வந்தது. கோடி அறையில், சுவரிலேயே கருப்பு வண்ணம் பூசிய பலகைக்கு எதிரே, விருந்தினர்கள் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மாஸ்டர் சின்னவளைக் கைகாட்டினார். அவள் மேசையருகே போய் நின்று, தரையைப் பார்த்தபடி, கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே வந்ததாகவும், தட்டுகிற சத்தம் கேட்டதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றார் தொப்பிக்காரர் ஒருவர்.

“தட்டின மாதிரி இருந்துச்சு.”

விருந்தினர்கள் மரியாதைக்குத் தலையசைத்தார்கள். ஒருவர் கேமராவின் மூடியை மாட்டினார். ஒரு பெண்மணி, மூத்தவள் பக்கம் திரும்பி, சும்மா இருக்கவேண்டாமே என்று கேட்பதுபோல், “உங்களுக்கு எப்பம்மா கேட்டுச்சு?” என்றார்.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்த தண்டவாளமும் மரப்படியும் அந்த நிமிடம் மூத்தவளின் தலையிலிருந்து கழன்று விழுந்தன.

“எனக்கா? எனக்குத் தட்டவே இல்லை” என்றாள். “இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான் என் இடம். ஒரு வருஷம் முழுக்க அங்கதான் உக்காந்திருந்தேன். தபால்காரருக்குத் தட்டினாங்க, அந்த மனுஷன் அடுத்த வீட்டுத் தபாலை எங்க வீட்ல போட்டுட்டுப் போறவர். இங்க ஒட்டடை அடிக்க வந்த ஆளுக்குக்கூடத் தட்டினாங்க. நான் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன், தட்டல. பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடி வந்து இந்த மேசையைத் தொட்டுக் கும்பிட்டேன், தட்டல. டீச்சர், நான் என்னங்க தப்பு பண்ணேன்னு வாய்விட்டே கேட்டிருக்கேன். ஒரு தட்டு வேணாம், பாதித் தட்டு? செத்த பிறகும் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற மனுஷியை நான் பாத்ததே இல்லை.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் டீச்சரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், காலி நாற்காலியைப் பார்த்து விரலை நீட்டி நீட்டி. எங்கே உட்கார்ந்தாள், எந்த ஜன்னலைச் சாத்தினாள், காற்றுச் சத்தத்தைத் தட்டு என்று நினைத்து எத்தனை தடவை ஏமாந்தாள் என்றெல்லாம் அவள் கொட்டக் கொட்ட, விருந்தினர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியையே பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண்மணி தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். தட்டியதைக் கேட்டவள் சொன்னபோது அங்கே யாரும் இல்லை. தட்டாததைச் சொன்னவள் பேசப் பேச, அந்த நாற்காலியில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

வேன் புறப்படும்போது தொப்பிக்காரர் மாஸ்டரிடம், “அடுத்த தடவையும் அந்த அம்மாவே பேசட்டும், அந்தக் கோவக்கார அம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை மூத்தவளுக்கு.

கொஞ்ச நாளில் அவள் பேர் பரவியது. ‘தட்டாத அக்கா’ என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவளும் ஒவ்வொரு விடுமுறையிலும் டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கினாள். வீட்டில் சத்தம் குறைந்தது. மாடிக்கு ஏறுகிறவர்களைப் பார்த்து “போங்க, போங்க, இருக்கா” என்று அவளே சிரித்துச் சொன்னதாகவும் கேள்வி.

ஆனால் நல்லது எங்கே நிலைக்கிறது? தட்டாததற்கு இவ்வளவு மரியாதையா என்று ஊருக்கு மூக்கில் வேர்த்தது. முதலில் தபால்காரர் ஆரம்பித்தார்: யோசித்துப் பார்த்தால் அன்று கேட்டது ஜன்னல் கொண்டியாக இருக்கலாமாம். பிறகு மருந்துக்கடை அம்மா, ஆறு வாடிக்கையாளர்களை நிற்கவைத்துக்கொண்டு, தனக்குக் கேட்டது உறுதியில்லை, தன் மனசு எவ்வளவு ஏங்கியது என்று யாருக்குத் தெரியும் என்று மூக்கைச் சிந்தினார்.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நேத்துவரைக்கும் கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு குதிச்சவங்க. இப்ப வந்து கேக்கலையாம். கேக்காம இருக்கிறது அவ்வளவு லேசா? நான் எத்தனை வருஷம் கேக்காம இருந்திருக்கேன்” என்று வீட்டுக்காரரிடம் பொரிந்தாள்.

“விடு. அவங்களுக்கும் தட்டலைன்னா தட்டலைதானே” என்றார் அவர். அன்றும் குழம்பு கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் சிகரமாக, அடுத்த ஞாயிறு, பேச்சு பாதியில் இருக்கும்போது கோடி அறையின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சின்னவள். மாஸ்டரின் மனைவியோடு வந்திருந்தாள். கண்ணில் மை இல்லை. ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள் என்று தெரிந்தது.

“நானும் ஒண்ணு சொல்லணும். என்னை எல்லாரும் டீச்சர் தட்டினவன்னு சொல்றாங்க. ஆனா உண்மையில எனக்கும்...”

“நம்பாதீங்க” என்றாள் மூத்தவள்.

விருந்தினர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“அக்கா, நான் மனசாரச் சொல்றேன், எனக்குக் கேக்...”

“இவ என் ஓரகத்தி” என்று மூத்தவள் கூட்டத்தைப் பார்த்துக் குழைவாகச் சொன்னாள். “ரொம்ப அடக்கம். எனக்குத் தட்டலைங்கிற வருத்தத்தை நான் இப்படிச் சொல்றதைக் கேட்டுட்டு, என் மனசு நோகக்கூடாதுன்னு அப்படிச் சொல்ல வர்றா. பாருங்க, கண்ணு கலங்குது. இந்த ஊர்லயே டீச்சர் மொதல் பார்வையில தட்டினது இவளுக்குத்தான். எங்க மாமியாரே பக்கத்துல நின்னு பாத்தவங்க. இவளைவிடத் தகுதியானவ யாரு?”

சின்னவளைப் பற்றி மூத்தவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். மாஸ்டரின் மனைவி சின்னவளின் தோளை அணைத்துக்கொண்டார். சின்னவள் அன்று மாமியார் முன்னால் ஆட்டிய அதே தலையை இன்னொரு தடவை ஆட்டினாள். அவ்வளவு கைதட்டலில் ஒரு மனுஷி வேறென்ன செய்ய முடியும்?

எல்லாரும் இறங்கிப் போனார்கள். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு வருவது மூத்தவளின் பொறுப்பு. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. வேன் கிளம்பும் சத்தமும் அடங்கியதும் கோடி அறை மிகவும் அமைதியாக இருந்தது. இப்படிப்பட்ட அமைதிக்காகத்தான் முன்பெல்லாம் சாக்குச் சொல்லிச் சாவி வாங்கி வருவாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்று அவள் உட்காரவில்லை. முதல் ஜன்னலைப் பலமாக இழுத்துச் சாத்தினாள். இரண்டாவதைச் சாத்தும்போது, தேவையே இல்லாமல், தொண்டையைச் செருமினாள். அப்புறம் வாய்க்கு வந்த பாட்டு ஒன்றை முனக ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் முனகல் சத்தமாகிக்கொண்டே போனது. மேசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கடைசிக் கொண்டியைப் போட்டதும் முதுகைக் காட்டியபடியே வாசலுக்கு வந்து நின்றாள்.

“டீச்சர்” என்றாள், உள்ளே பார்க்காமல். “இவ்வளவு நாள் பொறுத்தீங்க. இனிமே வந்து தட்டி கிட்டித் தொலைச்சுடாதீங்க. நல்லாத்தானே போயிட்டிருக்கு.”

பதில் வருகிறதா என்று நிற்காமல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மடமடவென்று படியிறங்கினாள்.